அறை இல்லை என்று விடுதி கைவிரித்தால்...

பள்ளி விடுமுறை, தைப்பூசம், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி என்று வரும் நாள்களில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பல குடும்பங்கள் பயணம் புறப்படுகின்றன. அந்த நாள்களில் பினாங்கிலோ, கேமரன் மலையிலோ, மலாக்காவிலோ தங்கும் விடுதிகளில் அறை கிடைப்பது எளிதன்று. அதனால்தான் பலரும் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே பதிவு செய்து, பணத்தையும் கட்டி, விடுதியிலிருந்து வந்த உறுதிக் கடிதத்தைக் கையோடு எடுத்துச் செல்கிறார்கள். அப்படிப் போய்ச் சேர்ந்தவரிடம், "மன்னிக்க வேண்டும், அறைகள் எல்லாம் நிரம்பிவிட்டன" என்று சொன்னால் என்ன ஆவது?

மறுநாள் காலையில் உறவினர் வீட்டுத் திருமணம். இரவு மணி பதினொன்று. கூடவே வயதான பெற்றோர், தூங்கி வழியும் பிள்ளைகள், நான்கு பெட்டிகள். இந்த நிலையில் ஒருவருக்குக் கோபம் வரும், அது இயல்பு. ஆனால் கோபம் அறை வாங்கித் தராது. கட்டிய பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு இருட்டில் வெளியேறுவதும் தீர்வாகாது. அந்த முகப்பில் கழியும் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன கேட்கிறோம், எதில் கையெழுத்திடுகிறோம், எதை எழுத்தில் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தே பின்னால் கிடைக்கும் நியாயம் அமைகிறது.

தவறா, கணக்கா?

பலர் இதைக் கணினிக் கோளாறு என்றே எண்ணுகிறார்கள். சில வேளைகளில் அது உண்மைதான். ஒரே அறையை விடுதியும் பல இணையத் தளங்களும் விற்கும்போது, ஓரிடத்தில் விற்ற செய்தி மற்ற இடத்துக்குச் சேர்வதற்குள் அங்கும் விற்றுவிடுவதுண்டு. குழாய் உடைந்து அறை பழுதாவதும், இன்று புறப்பட வேண்டிய விருந்தினர் இன்னொரு நாள் தங்கிவிடுவதும் நடக்கக்கூடியவையே.

ஆனால் பெரும்பாலும் இது தெரிந்தே போடும் கணக்கு. உள்ள அறைகளைவிடக் கூடுதலான பதிவுகளை விடுதிகள் வாங்குகின்றன. இதை மிகைப்பதிவு எனலாம். 200 அறைகள் உள்ள ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். பதிவு செய்தவர்களில் ஏறக்குறைய பத்துப் பேர் கடைசி நேரத்தில் ரத்து செய்வார்கள், அல்லது வராமலே இருந்துவிடுவார்கள் என்று அதன் பழைய கணக்கேடு காட்டினால், அது 207 அல்லது 208 பதிவுகளை ஏற்றுக்கொள்ளும். 198 பேர் வந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. 203 பேர் வந்துவிட்டால் மூன்று குடும்பங்கள் முகப்பில் நிற்கும்.

விடுதி ஏன் இந்த வம்பை விலைக்கு வாங்குகிறது? மாலையில் மீந்த தோசை மாவை மறுநாள் காலையில் ஊற்றி விற்கலாம். இன்றிரவு காலியாகக் கிடந்த அறையை நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது. அந்த வருமானம் போனது போனதுதான். ஆகவே ஆண்டு முழுவதும் சில அறைகள் வெறுமையாகக் கிடப்பதால் ஏற்படும் நட்டத்தைவிட, எப்போதாவது இரண்டு மூன்று பேரை வேறு விடுதிக்கு அனுப்பும் செலவு குறைவு என்று அது கணக்கிடுகிறது. விடுதித் தொழிலில் இப்படி அனுப்புவதை விருந்தினரை 'நடக்க வைப்பது' என்றே ஆங்கிலப் பேச்சுவழக்கில் சொல்வார்கள்.

இதில் பயனீட்டாளர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வேறு விடுதிக்கு அனுப்பும் செலவைத் தானே ஏற்பதாக வைத்துத்தான் விடுதி அந்தக் கணக்கைப் போடுகிறது. விருந்தினர் வாய் திறக்காமல் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டால், விடுதி ஏற்க வேண்டிய செலவு அவர் தலையில் விழுகிறது.

யாருக்கு முதலில் 'இல்லை' என்று சொல்வார்கள்?

அறை போதாத இரவில் யாரை அனுப்புவது என்பதையும் விடுதி எண்ணிப் பார்க்கும். ஒரே ஓர் இரவு தங்குபவர், இரவில் வெகுநேரம் கழித்து வருபவர், ஆகக் குறைந்த விலைக்கு வெளித் தளம் ஒன்றின் வழி பதிவு செய்தவர், மறுபடியும் வருவார் என்று எதிர்பார்க்க முடியாத புதியவர் ஆகியோர் பட்டியலில் முன்னே வருவதற்கு வாய்ப்பு அதிகம். அடிக்கடி வரும் உறுப்பினர், ஐந்தாறு நாள் தங்குபவர், மதியமே வந்து சாவி வாங்கியவர் ஆகியோரை அது சுலபத்தில் தொடாது.

ஆகவே நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டு தாமதமாக வரும் குடும்பம், விடுதிக்குத் தொலைபேசியில் அழைத்து, "நாங்கள் வந்துகொண்டிருக்கிறோம், பத்தரை மணி ஆகும், அறையை வைத்திருங்கள்" என்று சொல்வது மிகவும் பயனுள்ள செயல். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னோம் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

விமானத்துக்கு விதி உண்டு, விடுதிக்கு?

மிகைப்பதிவு என்றதும் பலருக்கும் விமானம்தான் நினைவுக்கு வரும். 1972இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற பயனீட்டாளர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடர், உறுதி செய்யப்பட்ட பதிவோடு வாஷிங்டன் விமான நிலையத்துக்குப் போனார். இருக்கைகளைக் கூடுதலாக விற்றிருந்த அலெகெனி ஏர்லைன்ஸ் அவருக்கு இடமில்லை என்றது. அவர் தொடுத்த வழக்கு அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மிகைப்பதிவுப் பழக்கத்தைப் பயணிகளிடம் சொல்லாமல் விட்டதற்காக அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரத் தடையில்லை என்று 1976இல் நீதிமன்றம் கூறியது. அதன் பிறகு, தாமாக இடத்தை விட்டுக்கொடுக்க முன்வருவோரை விமான நிறுவனம் முதலில் கேட்க வேண்டும் என்ற விதி அங்கே வந்தது. 2005இல் நடப்புக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிமுறை, பயணத் தொலைவைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை என்று இழப்பீட்டுத் தொகையையே எழுதி வைத்தது. மலேசியாவிலும் 2016இல் விமானப் பயணிகளுக்கென ஒரு பாதுகாப்பு நெறிமுறை வந்தது.

தங்கும் விடுதிக்கு அப்படி ஒரு விலைப் பட்டியலைச் சட்டம் வகுத்து வைக்கவில்லை. 'அறை தராவிட்டால் இத்தனை ரிங்கிட்' என்று எங்கும் எழுதப்படவில்லை. அதற்காகப் பயனீட்டாளருக்கு உரிமையே இல்லை என்று பொருளாகாது. விடுதி பதிவை ஏற்று உறுதி செய்ததும் இரு தரப்புக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் உருவாகிவிடுகிறது. அறையைத் தர மறுப்பது ஒப்பந்தத்தை மீறுவதாகும். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்தம் மீறப்பட்டதால் இயல்பாக ஏற்பட்ட இழப்புக்கு ஈடு கேட்கலாம் என்கிறது. இழப்பைக் குறைத்துக்கொள்ள என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதே பிரிவு சேர்த்துச் சொல்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓர் இரவுக்கு 280 ரிங்கிட் வீதம் இரண்டு இரவுகளுக்கு 560 ரிங்கிட் முன்பணமாகக் கட்டப்பட்டுள்ளது. அறை கிடைக்கவில்லை. அதே தரத்தில், அருகில் உள்ள வேறு விடுதியில் ஓர் இரவுக்கு 420 ரிங்கிட் வீதம் 840 ரிங்கிட் கொடுத்துத் தங்க வேண்டியதாயிற்று. வாடகைக் காருக்கு 35 ரிங்கிட். இப்போது கேட்க வேண்டிய தொகை எவ்வளவு? கட்டிய 560 ரிங்கிட், கூடுதலாகக் கொடுத்த 280 ரிங்கிட், வாடகைக் கார் 35 ரிங்கிட், ஆக மொத்தம் 875 ரிங்கிட். 560 ரிங்கிட் கைக்கு வந்ததும் கணக்கு தீர்ந்தது என்று நினைப்பவர் 315 ரிங்கிட்டை விட்டுக்கொடுத்துவிடுகிறார். அதே நேரத்தில், இதுதான் சமயம் என்று ஐந்து நட்சத்திர விடுதியின் சொகுசு அறையில் போய்த் தங்கிவிட்டு, முழுத் தொகையையும் கொடு என்று கேட்டால் அது எடுபடாது. இணையான அறை என்பதே அளவு.

பாழான விடுமுறைக்கும் மதிப்பு உண்டா என்று சிலர் கேட்பதுண்டு. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1972இல் தீர்ப்பளித்த 'ஜார்விஸ் எதிர் சுவான்ஸ் டூர்ஸ்' வழக்கு இங்கே குறிப்பிடத்தக்கது. சுற்றுலா நிறுவனம் சொன்ன வசதிகள் சுவிட்சர்லாந்து விடுதியில் கிடைக்கவில்லை. பயணி அந்த விடுமுறைக்குக் கொடுத்தது 63 பவுண்டும் சில்லறையும். நீதிமன்றமோ ஏமாற்றத்தையும் மனச் சோர்வையும் கணக்கில் எடுத்து 125 பவுண்டு கொடுக்கச் சொன்னது. அது பிற நாட்டுத் தீர்ப்பு; இங்கே அப்படியே கட்டுப்படுத்தாது. ஆயினும் விடுமுறை என்பது நான்கு சுவரும் ஒரு கட்டிலும் மட்டுமல்ல என்ற கருத்துக்கு அது வலுச் சேர்க்கிறது.

முகப்பில் செய்ய வேண்டியவை

முதலில், விடுதி சொல்வது என்ன என்பதைத் தெளிவாகக் கேட்க வேண்டும். "உங்கள் பதிவே எங்களிடம் இல்லை" என்பது வேறு. "பதிவு இருக்கிறது, அறைதான் இல்லை" என்பது வேறு. முதலாவதில் கோளாறு பதிவுத் தளத்திலோ பயண முகவரிடத்திலோ இருக்கலாம். அப்போது அவர்களை அங்கிருந்தே தொலைபேசியில் அழைக்க வேண்டும். இரண்டாவதில் பொறுப்பு விடுதியுடையது.

அடுத்து, முகப்பில் நிற்பவர் பெரும்பாலும் இரவுப் பணியில் உள்ள இளம் ஊழியர். கூடுதலாகப் பதிவு வாங்கச் சொன்னவர் அவரல்லர். அவரிடம் சத்தம் போட்டுப் பயனில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள மேலாளரை அழைக்கச் சொல்ல வேண்டும்.

பொதுவாக விடுதி முதலில் நீட்டுவது பணத்தைத்தான்.

"ஐயா, கட்டுன பணத்த முழுசா திருப்பிக் கொடுத்துடுறோம். இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

"பணத்த அப்புறம் பேசிக்கலாம் தம்பி. இன்னிக்கு ராத்திரி அம்மாவும் பிள்ளைங்களும் படுக்க எங்களுக்கு ரூம் வேணும். மேனேஜரக் கூப்பிடுங்க."

இந்தப் பதிலில்தான் விஷயம் இருக்கிறது. அறை முதலில், பணம் பிறகு. கேட்க வேண்டியவை நான்கு: அதே தரத்தில் அல்லது அதைவிட மேலான வேறு விடுதியில் அறை, விலை வேறுபாட்டை இந்த விடுதியே ஏற்பது, அங்கே போய்ச் சேர வாகனம், காலைச் சிற்றுண்டி போன்றவை முதல் பதிவில் இருந்தால் அவை புதிய இடத்திலும் கிடைப்பது. வேறு விடுதியில் அறை இருப்பதை மேலாளரே தொலைபேசியில் பேசி உறுதி செய்த பிறகுதான் பெட்டியைத் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது முகப்பிலும் அதே பதில் காத்திருக்கக்கூடும்.

கடன்பற்று அட்டையால் உறுதி செய்யப்பட்ட பதிவு என்றால் இன்னொரு பிடிமானம் இருக்கிறது. அப்படிப்பட்ட பதிவை விடுதி நிறைவேற்றாவிட்டால், இணையான வேறு அறையையும் அங்கே செல்லும் போக்குவரத்தையும் கூடுதல் செலவின்றித் தர வேண்டும் என்ற கடப்பாடு, வீசா போன்ற அட்டை நிறுவனங்கள் விடுதிகளுக்கு வகுத்த விதிகளில் நெடுங்காலமாக இடம்பெற்று வந்துள்ளது. பெரிய விடுதிக் குழுமங்கள் சில, தங்கள் உறுப்பினர்களுக்கு இதற்கென ரொக்க இழப்பீடும் அறிவித்துள்ளன. இதை மேலாளரிடம் அமைதியாக நினைவூட்டலாம்.

கையெழுத்து விஷயத்தில் எச்சரிக்கை தேவை. 'விருந்தினர் கேட்டுக்கொண்டதால் ரத்து' என்று அச்சடித்த படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டால், ஒப்பந்தத்தை முறித்தவர் விருந்தினர் என்றாகிவிடும். இணையத் தளத்தில் 'ரத்து செய்' என்ற பொத்தானை விருந்தினரையே அழுத்தச் சொல்வதும் இதே வகை. அதைச் செய்யக் கூடாது. மாறாக, 'அறை இல்லாததால் விடுதி பதிவை நிறைவேற்ற இயலவில்லை' என்று விடுதியின் தாளில் இரண்டு வரி எழுதி, நாள், நேரம், பெயர், கையெழுத்து ஆகியவற்றோடு கேட்க வேண்டும். எழுதித் தர மறுத்தால், நடந்ததை விடுதியின் மின்னஞ்சலுக்கு அங்கிருந்தே கைத்தொலைபேசியில் அனுப்பிவிடலாம். அதில் பதிவாகும் நேரமே சான்றாகும்.

முன்கூட்டியே ரத்து செய்தால்

சில வேளைகளில் ரத்துச் செய்தி பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே வந்து சேர்கிறது. சிங்கப்பூரில் 2008 முதல் நடந்துவரும் ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயம், பெரிய இசை நிகழ்ச்சிகள் போன்றவற்றின்போது அறை விலை எகிறுவது தெரிந்ததே. அத்தகைய நாள்களில், பழைய விலைக்குக் கொடுத்த அறையை 'விலை தவறாகப் பதிவாகிவிட்டது' என்ற காரணத்தைச் சொல்லி ரத்து செய்ய முயல்வதுண்டு.

இங்கே மூன்று காரியங்களை உடனே செய்ய வேண்டும். ஒன்று, ரத்துச் செய்தியையும் பழைய உறுதிக் கடிதத்தையும் படமெடுத்துச் சேமிக்க வேண்டும். இரண்டு, 'ரத்தை ஏற்கவில்லை, பதிவை நிறைவேற்றுங்கள், அல்லது அதே நாளில் இணையான அறை தாருங்கள்' என்று எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும். மூன்று, அதே விடுதி அதே நாளுக்கு இன்னும் அறை விற்கிறதா, என்ன விலைக்கு என்று பார்த்து அந்தப் பக்கத்தையும் சேமிக்க வேண்டும். அறை இல்லை என்று சொன்ன விடுதி இரு மடங்கு விலைக்கு அறை விற்பது தெரிந்தால், அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. விலைத் தவறு என்பது எப்போதும் பொய்யன்று. 300 ரிங்கிட் அறைக்கு 3 ரிங்கிட் என்று போடப்பட்டிருந்தால் அது தவறு என்பது வாங்கியவருக்கே தெரிந்திருக்கும். நியாயமான விலைக்குப் பதிவு செய்தவருக்கு அந்தச் சாக்கு பொருந்தாது.

எங்கே முறையிடுவது?

ஊர் திரும்பியதும் முதல் வேலை, விடுதிக்கு ஒரு கடிதம். நடந்தது என்ன, இழப்பு எவ்வளவு, எத்தனை நாளுக்குள் பதில் வேண்டும் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். வசைச் சொற்கள் வேண்டாம். பதில் சரியாக இல்லாவிட்டால், கடன்பற்று அட்டையில் கட்டியவர் தம் வங்கியிடம், கிடைக்காத சேவைக்கான கட்டணம் என்று மறுப்புத் தெரிவிக்கலாம். இதற்குப் பொதுவாக 120 நாள் கெடு உண்டு என்பதால் காலம் கடத்தக் கூடாது. வெளிநாட்டு விடுதி என்றால் பலருக்கும் இதுவே எளிய வழி.

மலேசியாவில் உள்ள விடுதி என்றால், பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த இம்மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். 2019இல்தான் இந்த வரம்பு 25,000 ரிங்கிட்டிலிருந்து உயர்த்தப்பட்டது. மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட். மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். பொதுவாக வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை. பாதிக்கப்பட்டவரே தம் கதையைச் சொல்லலாம். மன்றத்தின் முடிவை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றமாகும். சொந்தப் பயன்பாட்டுக்குப் பெற்ற சேவைக்கே இந்த வழி. நிறுவன வேலைக்காக எடுத்த அறைக்குப் பொருந்தாது.

மனுவில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. விடுதியின் பெயர்ப் பலகையில் இருப்பது ஒரு பெயர். அதை நடத்தும் நிறுவனத்தின் பதிவுப் பெயர் வேறு. யார் மீது மனு என்பதில் நிறுவனத்தின் பெயர்தான் வர வேண்டும். அது பெரும்பாலும் ரசீதின் மேலோ கீழோ சிறிய எழுத்தில் பதிவு எண்ணோடு அச்சாகியிருக்கும். ரசீதைத் தூக்கி எறியாமல் இருப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

சிங்கப்பூர் விடுதி என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தை நாடலாம். அங்கே வரம்பு 20,000 வெள்ளி; இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி. இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கையைப் பதிய வேண்டும். அதற்கு முன் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமான 'கேஸ்' அமைப்பின் உதவியைக் கேட்கலாம்.

புறப்படும் முன்

வெளித் தளத்தில் பதிவு செய்தவர், இரண்டு மூன்று நாளுக்கு முன் விடுதியை நேரடியாக அழைத்து, தம் பெயரில் பதிவு இருக்கிறதா, விடுதியின் சொந்தப் பதிவு எண் என்ன என்று கேட்டு வைப்பது நல்லது. உறுதிக் கடிதத்தைத் தாளில் அச்சிட்டும் வைத்துக்கொள்ளலாம். கைத்தொலைபேசியின் மின்கலம் நள்ளிரவில் தீர்ந்துபோனால் தாள்தான் பேசும். திருமணம், மருத்துவமனை, தேர்வு போன்ற தள்ளிப்போட முடியாத காரியத்துக்காகச் செல்பவர், அதே பகுதியில் உள்ள வேறு இரண்டு விடுதிகளின் தொலைபேசி எண்களைக் குறித்துக்கொண்டு போகலாம். முதியோர், குழந்தைகளோடு செல்பவர் கூடுமானவரை பொழுதோடு போய்ச் சேர்ந்து சாவியை வாங்கிவிட வேண்டும்.

விடுதிகள் தங்கள் தொழிலை விருந்தோம்பல் துறை என்று அழைத்துக்கொள்கின்றன. கூடுதலாகப் பதிவு வாங்குவது அவர்களின் வியாபாரக் கணக்காக இருக்கலாம். அந்தக் கணக்கு பிசகும் இரவில் செலவை யார் ஏற்பது என்பதே கேள்வி. உரிமை தெரியாதவரின் பணப்பையிலிருந்தே அது கழிகிறது. உறுதிக் கடிதத்தைக் காட்டி, அறையைக் கேட்டு, எழுத்தில் வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்தும் பயனீட்டாளரிடம் அந்தச் செலவைத் தள்ளிவிட முடியாது. அப்படிக் கேட்பவர்கள் பெருகும்போது, அடுத்த பெருநாளுக்கு எத்தனை பதிவுகளைக் கூடுதலாக வாங்கலாம் என்று விடுதியும் ஒரு முறைக்கு இரு முறை யோசிக்கும்.